முதல் வாரத்துக் கணிப்போடு நிறுத்திவிடாதீர்கள்: செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செய்தி ஆசிரியர்களுக்கும், கருத்துக்கணிப்பு நிறுவனங்களை நடத்துவோருக்கும்,

வணக்கம்.

பெரிய பயங்கரவாதத் தாக்குதல் ஒன்று நடந்தால் இரண்டு மூன்று நாளுக்குள் ஒரு கணிப்பு வந்துவிடுகிறது. "கடும் சட்டம் கேட்கிறார்கள் மக்கள்", "தலைவருக்கு ஆதரவு எகிறியது" என்று தலைப்பு போடுகிறீர்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் பேசுகிறார்கள், தொலைக்காட்சியில் மல்லுக்கட்டுகிறார்கள், சட்டமும் வந்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து அதே கேள்வியை அதே சொற்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் உள்பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியோடு சரி. கேள்வித்தாள் எழுதுவதும், யாரைக் கேட்பது என்று மாதிரி எடுப்பதும், விடைகளை அலசுவதும் எங்கள் தொழில் என்பதால் இதை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் வாரக் கணிப்பை வெளியிடாதீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. வெளியிடும்போதே அதே கேள்வி மறுபடி எப்போது கேட்கப்படும் என்பதையும் அச்சிடுங்கள். சொன்ன தேதியில் கேட்டு, முதல் முடிவைப் போட்ட அதே இடத்தில், அதே அளவில் போடுங்கள். கோரிக்கை இவ்வளவுதான். ஏன் என்பதற்குத்தான் விளக்கம் கொஞ்சம் நீளம்.

மக்கள் கருத்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள் நான்கைந்து சரக்கு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் வேறு. இதுவரை நடந்தவற்றில் நன்றாக அளக்கப்பட்டது 2001 செப்டம்பர் 11 தாக்குதல். தாக்குதலுக்கு முந்தைய நாள் வரை அமெரிக்காவில் கேலப் நிறுவனம் களத்தில் இருந்தது. செப்டம்பர் 7 முதல் 10 வரை எடுத்த அந்தக் கணிப்பில் அதிபர் புஷ்ஷின் செயல்பாட்டை ஏற்றவர்கள் 51%. 14, 15 தேதிகளில் 86%. 21, 22இல் 90%. அந்த நிறுவனம் எந்த அதிபருக்கும் பதிவு செய்த உச்சம் அதுதான். ஈராக் போர் தொடங்குவதற்குச் சற்று முன், 2003 மார்ச்சில், அது 58%க்கு இறங்கியிருந்தது. 2008 அக்டோபரில் 25%. இரண்டே வாரத்தில் ஏறியது இறங்க ஒன்றரை ஆண்டு ஆனது, பிறகு பழைய இடத்தையும் தாண்டிக் கீழே போனது.

அரசின் மீதான நம்பிக்கையும் இதே போக்குதான். 2001 அக்டோபர் தொடக்கத்தில், அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்கில், 60% பேர் மத்திய அரசை நம்புவதாகச் சொன்னார்கள். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளில் காணாத உயரம் அது; பிந்தைய இருபது ஆண்டுகளிலும் யாரும் எட்டவில்லை.

பயம் அப்படி இறங்குவதில்லை. தானோ தன் குடும்பத்தாரோ தாக்குதலுக்குப் பலியாகலாம் என்று கவலைப்பட்டவர்கள் 2001 அக்டோபரில் 59%. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2015 டிசம்பரில், பாரிசிலும் சான் பெர்னார்டினோவிலும் தாக்குதல்கள் நடந்த பிறகு, 51%. பயம் உள்ளே படுத்துக் கிடக்கும். அடுத்த சம்பவம் வந்தால் ஒரு வாரத்தில் எழுந்து உட்காரும். ஆகவே "மக்கள் மறந்துவிட்டார்கள்" என்று ஓர் ஆண்டு கழித்து எழுதுவதும், "மக்கள் என்றும் மறக்க மாட்டார்கள்" என்று முதல் நாளில் எழுதுவதும் ஒரே அளவுக்குத் தவறு.

மூன்றாவது சரக்கு, உரிமைகளை விட்டுக்கொடுக்கும் மனநிலை. பயங்கரவாதத்தை ஒடுக்க சராசரிக் குடிமகன் சில உரிமைகளை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்றவர்கள் 1997இல் 29%. தாக்குதலுக்குப் பின் 55%. பத்தாண்டு கழித்து 2011இல் 40%. 26 புள்ளி ஏறி, 15 புள்ளிதான் திரும்பி வந்திருக்கிறது. மிச்சம் தங்கிவிட்டது. ஒரே ஒரு கணிப்பை மட்டும் வைத்திருப்பவருக்கு எது வடியும், எது தங்கும் என்று தெரிய வழியே இல்லை.

அந்த 55%ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே காலத்தில், உங்கள் சொந்த மின்னஞ்சலையும் தொலைபேசிப் பேச்சையும் அரசு கண்காணிக்கலாமா என்று கேட்டபோது 77% பேர் கூடாது என்றார்கள். "சில உரிமைகள்" என்றால் அது வேறு யாருடைய உரிமையோ என்றுதான் பலர் மனதில் படிகிறது. கேள்வியில் "உங்கள்" வந்தவுடன் கணக்கு மாறுகிறது. ஆகவே பொதுக் கேள்வி ஒன்று கேட்டால் கூடவே குறிப்பான கேள்வி குறைந்தது இரண்டு வேண்டும்: "வழக்குப் பதிவு செய்யாமல் ஒருவரை எத்தனை நாள் காவலில் வைக்கலாம்?", "நீதிபதியின் அனுமதி இல்லாமல் உங்கள் போனை ஒட்டுக்கேட்கலாமா?" என்பது போல. நாள் கணக்கும் யார் அனுமதி என்பதும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். பொதுக் கேள்வியின் விடையை மட்டும் தலைப்பாக்கினால், கேட்காத கேள்விக்கு மக்கள் ஆம் சொன்னதாகிவிடும்.

கேள்வி வடிவத்தால் நேர்ந்த கோளாறுகளில் பெரியது ஈராக் அதிபராக இருந்த சதாம் உசேன் விஷயம். 2003 ஆகஸ்டில் வாஷிங்டன் போஸ்ட் கணிப்பில் 69% அமெரிக்கர்கள், செப்டம்பர் 11 தாக்குதலில் சதாமுக்கு நேரடிப் பங்கு இருந்திருக்கலாம் என்றார்கள். அதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது. அரசின் பிரச்சாரம்தான் இந்த நம்பிக்கையை விதைத்தது என்று அப்போது பலர் எழுதினார்கள். பாதிதான் உண்மை. தாக்குதல் நடந்த அந்த வாரமே இதைக் கேட்டிருக்கிறார்கள். "யார் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?" என்று பெயர் எதுவும் சொல்லாமல் கேட்டபோது சதாமின் பெயரைச் சொன்னவர்கள் மிகக் குறைவு. "சதாமுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு உண்டா?" என்று பெயரை எடுத்துக்கொடுத்துக் கேட்டபோது பெரும்பான்மையினர் உண்டு என்றார்கள். இருப்பவர்களிலேயே கெட்டவர் என்று அறியப்பட்ட ஒருவரின் பெயரை நீட்டினால் இல்லை என்று யார் சொல்வார்? அந்த நேரத்தில் பெயரோடு கேட்ட கேள்விகளே அதிகம் வந்ததால் சந்தேகம் செய்தியாகி, செய்தி நம்பிக்கையானது. பிரச்சாரம் வந்து சேர்ந்தபோது நிலம் ஏற்கனவே உழுது கிடந்தது.

இதில் உங்களுக்கான வேலை எளிது. தாக்குதலுக்கு யார் பொறுப்பு என்பது நிரூபிக்கப்படாத நிலையில் எந்தப் பெயரையும், எந்தச் சமூகத்தையும் கேள்வியில் வைக்காதீர்கள். திறந்த கேள்வியாகக் கேளுங்கள். விடைகளை வகைப்படுத்த இரண்டு நாள் கூடுதலாகும், ஆகட்டும். "தெரியாது" என்ற விடையை வாசித்துக் காட்டுங்கள். தலைப்பில் இல்லாவிட்டாலும் வரைபடத்திலாவது அதற்கு ஒரு பட்டை கொடுங்கள். முதல் வாரத்தில் நேர்மையான விடை பெரும்பாலும் அதுதான்.

இனி, எங்களைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமானது: தாக்கியவர்கள் எந்தச் சமூகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டார்களோ, அந்தச் சமூகத்தை மற்றவர்கள் பார்க்கும் பார்வை. தாக்குதல் நடந்த கையோடு வெறுப்பு கூடும், நாளாக ஆக அடங்கும் என்பதுதான் எல்லோரும் எடுத்துக்கொள்ளும் கதை. எண்கள் வேறு சொல்கின்றன. அமெரிக்க முஸ்லிம்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் உள்ளவர்கள் 2001 மார்ச்சில் 45%. அதே ஆண்டு நவம்பரில் 59%. ஏறியிருக்கிறது. அதிகம் ஏறியது அதிபர் புஷ்ஷின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த பழமைவாதிகளிடம். காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். செப்டம்பர் 17ஆம் தேதி அதிபரே வாஷிங்டனில் உள்ள இஸ்லாமிய மையத்துக்குப் போய், இந்தச் செயல் இஸ்லாத்தின் செயல் அல்ல என்று பேசினார். அவரை நம்பியவர்கள் அவர் சொன்னதையும் நம்பினார்கள்.

பிறகு என்ன ஆனது? மற்ற மதங்களைவிட இஸ்லாம் வன்முறையைத் தூண்டுகிறது என்று சொன்னவர்கள் 2002 மார்ச்சில் 25%, 2003 ஜூலையில் 44%, 2014இல் 50%. இடையில் அமெரிக்க மண்ணில் அதே அளவில் இன்னொரு தாக்குதல் நடக்கவில்லை. மாறியது தலைவர்களின் பேச்சும், போரும், ஊடகங்களின் கவனமும். கட்சி வாரியாகப் பிரித்துப் பார்த்தால் இரு கட்சியினருக்கும் இடையிலான இடைவெளி காலப்போக்கில் அகன்று போயிருக்கிறது. வெறுப்பு என்பது குண்டு வெடித்த நாளில் பிறந்து தேய்வதல்ல, பிறகு நிதானமாகக் கட்டப்படுவது என்று இந்த வரிசை காட்டுகிறது. முதல் இரண்டு மாதத்தோடு அளவை நிறுத்தியவர்களின் கையில் 59% என்ற ஒரு நல்ல செய்தி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

அந்த நல்ல செய்தியும் முழு உண்மையல்ல. அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் பதிவுகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புக் குற்றச் சம்பவங்கள் 2000இல் 28; 2001இல் 481; 2002இல் 155. சராசரி அபிப்பிராயம் மேலே போன அதே மாதங்களில் அடிதடியும் பதினேழு மடங்கு போயிருக்கிறது. இரண்டும் முரண் இல்லை. கணிப்பு அளப்பது நூறு பேரில் ஐம்பது அறுபது பேரின் எண்ணத்தை. பள்ளிவாசல் கண்ணாடியை உடைக்க ஊருக்கு இரண்டு பேர் போதும், அந்த இரண்டு பேர் எந்த மாதிரியிலும் சிக்க மாட்டார்கள். கணிப்பு எண்ணை அச்சிடும் பக்கத்திலேயே காவல்துறைப் பதிவு எண்ணையும் போடுங்கள் என்று கேட்பது இதனால்தான்.

பிரான்சிலும் இதற்கு ஒத்த நிலை. மனித உரிமைகளுக்கான தேசிய ஆலோசனை ஆணையம் ஆண்டுதோறும் கணக்கிடும் சகிப்புத்தன்மைக் குறியீடு 2013 வரை சரிந்து வந்தது. 2015இல் சார்லி ஹெப்டோ பத்திரிகை அலுவலகத் தாக்குதல், நவம்பரில் 130 பேரைப் பலிவாங்கிய பாரிஸ் தாக்குதல் எல்லாம் நடந்த காலத்தில் அது ஏறிக்கொண்டிருந்தது. நார்வேயில் 2011 ஜூலை 22 அன்று 77 பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில வாரங்களில் எடுத்த கணிப்புகளில், சக மனிதர்கள் மீதும் நிறுவனங்கள் மீதும் நம்பிக்கை கூடியிருந்தது. இலங்கையில் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் தாக்குதலுக்கு மூன்று வாரம் கழித்து, மே மாதம், முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பாதுகாப்பை முன்னிறுத்திய கோத்தபய ராஜபக்ச நவம்பரில் 52.25% வாக்கோடு அதிபரானார். ஒரே வகைச் சம்பவம் எல்லா நாட்டிலும் ஒரே விளைவைத் தரும் என்று எழுதும் பத்தியாளர்களிடம் இந்த நான்கு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

தலைவருக்கு ஆதரவு எகிறும் என்பதும் எழுதி வைத்த விதியல்ல. மாட்ரிட்டில் 2004 மார்ச் 11 அன்று ரயில்களில் குண்டு வெடித்து 190க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். மூன்றே நாளில் பொதுத்தேர்தல். அரசு பாஸ்க் பிரிவினை அமைப்பான எட்டாவைக் கைகாட்டியது. விசாரணை வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது மக்களுக்குத் தெரிந்தே இருந்தது. கணிப்புகளில் முன்னணியில் இருந்த ஆளுங்கட்சி தோற்றது. வாக்குப்பதிவு 2000இல் 68.7%, இந்தத் தேர்தலில் 75.7%. மும்பையில் 2008 நவம்பர் 26 தாக்குதல் முடிந்தும் முடியாமலும் இருந்த 29ஆம் தேதி டெல்லி வாக்களித்தது. ஆளுங்கட்சிக்கு அடி விழும் என்று எழுதித் தள்ளினார்கள். டெல்லியில் காங்கிரஸ் ஜெயித்தது, ஆறு மாதத்தில் மத்தியிலும் திரும்ப வந்தது. மான்செஸ்டரில் 2017 மே மாதத் தாக்குதலுக்குப் பின் பிரதமர் தெரசா மேவுக்கு ஆதரவு கூடவில்லை, குறைந்தது.

ஆதரவு எகிற மூன்று சேர வேண்டும்: எதிர்க்கட்சி சில வாரம் வாயை மூடிக்கொள்ள வேண்டும், எதிரி வெளியே இருப்பதாகத் தெரிய வேண்டும், அரசு சொல்லும் தகவல் மாலைக்குள் பொய்யாகக் கூடாது. மூன்றாவது போனால் முதல் இரண்டும் போகும்.

தேர்தல் முடிவைத் தாக்குதலோடு முடிச்சுப் போடும்போது ஒரு எச்சரிக்கை. இந்தியாவின் 1991 மக்களவைத் தேர்தலில் மே 20 அன்று முதல் கட்ட வாக்குப்பதிவு. 21ஆம் தேதி இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். மற்ற கட்டங்கள் ஜூன் 12, 15க்குத் தள்ளிப்போயின. பின் கட்டங்களில் காங்கிரஸ் முன்னைவிட நன்றாகச் செய்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுக்க அனுதாப அலை என்று இன்றும் எழுதுகிறார்கள். முதல் கட்டத்தில் வாக்களித்த தொகுதிகள் வேறு, பின் கட்டத்துத் தொகுதிகள் வேறு. அதே தொகுதிகள் முந்தைய தேர்தலில் எப்படிப் பிரிந்தன என்று பார்த்து, அந்தப் பழைய வித்தியாசத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவதே தாக்குதலின் கணக்கு. மாட்ரிட் விஷயத்தில் ஆய்வாளர்கள் இதைச் செய்தார்கள். வெளிநாட்டில் இருந்த ஸ்பானியர்கள் தாக்குதலுக்கு முன்பே வாக்களித்திருந்தார்கள், உள்நாட்டவர் பின்பு. இவ்விரு கூட்டமும் முந்தைய தேர்தல்களில் எவ்வளவு விலகி நின்றன என்பதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அளந்தார்கள்.

கணிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே தாக்குதல் நடந்தால் அதைப் பாழாய்ப்போனது என்று தூக்கிப் போடாதீர்கள். முன் பாதி, பின் பாதி என்று பிரித்தால் அதைவிட நல்ல ஒப்பீடு கிடைக்காது. ஆனால் களப்பணியாளர்கள் முதலில் நகரத்தையும் பிறகு கிராமத்தையும் முடிப்பது வழக்கம்; எளிதில் கிடைப்பவர்கள் முதல் நாட்களில் சிக்குவார்கள், வேலைக்கு ஓடுபவர்கள் கடைசி நாட்களில். ஒவ்வொரு பேட்டிக்கும் தேதியும் மணியும், எத்தனையாவது முயற்சியில் ஆள் கிடைத்தார் என்பதும் பதிவாகியிருந்தால்தான் இந்தக் கோணலைச் சரிசெய்ய முடியும். பல நிறுவனங்கள் மணியைப் பதிவதே இல்லை.

மாதிரி அளவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1,000 பேரிடம் கேட்டால் பிழை வரம்பு கூடவோ குறையவோ 3.1 புள்ளி. இதைப் போடுகிறீர்கள், நன்றி. ஆனால் இரண்டு கணிப்புகளுக்கு இடையே உள்ள மாற்றத்தைச் சொல்லும்போது வரம்பு 4.4 ஆகிறது, 3 புள்ளி ஏறியதைத் "திடீர் எழுச்சி" என்று எழுதக் கூடாது. மக்கள்தொகையில் 6% உள்ள ஒரு சிறுபான்மைச் சமூகம் அந்த 1,000இல் 60 பேராகத்தான் வரும். அவர்களுக்கான வரம்பு ஏறக்குறைய 13 புள்ளி. அதை வைத்து அந்தச் சமூகத்தின் மனநிலை என்று ஒரு பத்தி எழுதுவது அக்கிரமம். தாக்குதலுக்குப் பின் அவர்களைப் பற்றித்தான் கேட்கப்போகிறோம் என்றால் அவர்களிடம் தனியாக 400 பேரையாவது கேளுங்கள், வரம்பு 4.9க்கு இறங்கும். அந்நியர் கதவைத் தட்டும்போது, அதுவும் அந்த வாரத்தில், அவர்கள் உள்ளதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். அதே சமூகத்தைச் சேர்ந்த பேட்டியாளர், பெயர் கேட்காமை, விடையைத் தாங்களே திரையில் தட்டும் வசதி ஆகிய மூன்றும் வேண்டும்.

கோபத்தையும் பயத்தையும் ஒரே கேள்வியில் குழைப்பது இன்னொரு பழக்கம். "இந்தத் தாக்குதல் உங்களை எவ்வளவு பாதித்தது?" என்ற கேள்வி இரண்டையும் விழுங்கிவிடுகிறது. 2001இல் ஏறக்குறைய ஆயிரம் அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில் பயம் தூண்டப்பட்டவர்கள் அபாயத்தைப் பெரிதாகவும், கோபம் தூண்டப்பட்டவர்கள் சிறிதாகவும் மதிப்பிட்டார்கள். வேறு ஆய்வுகளில், பதற்றம் கூடியவர்கள் போர் நடவடிக்கைக்குத் தயங்கினார்கள் என்பதும் தெரிந்தது. ஆகவே "அதிர்ந்துபோன மக்கள் பதிலடி கேட்கிறார்கள்" என்ற வாக்கியத்தில் அதிர்ந்தவர்களும் பதிலடி கேட்பவர்களும் இரு வேறு கூட்டமாக இருக்கலாம். தனித்தனியாகக் கேளுங்கள்.

அப்படியே உங்கள் திரையையும் கவனியுங்கள். 2013 பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பின் நடந்த ஆய்வில், அடுத்த வாரம் நாளுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் அது பற்றிய செய்திகளைப் பார்த்தவர்களிடம், சம்பவ இடத்திலேயே இருந்தவர்களைவிட அதிகக் கடும் மன அழுத்தம் காணப்பட்டது. நீங்கள் அளக்கும் பயத்தில் ஒரு பங்கு நீங்கள் ஒளிபரப்பியது. கேள்வித்தாளில் "நேற்று எத்தனை மணி நேரம் செய்தி பார்த்தீர்கள்?" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பங்கு எவ்வளவு என்று ஓரளவு தெரியும்.

சட்டம் மட்டும் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கிறவர்களுக்கு: கருத்து வடியும் என்பது அரசியல்வாதிகளுக்கும் தெரியும். அரசின் கண்காணிப்பு அதிகாரங்களை விரித்த அமெரிக்கப் பேட்ரியட் சட்டம் செப்டம்பர் 11 தாக்குதலிலிருந்து 45ஆம் நாள் கையெழுத்தானது. செனட்டில் 98க்கு 1. அதன் பதினாறு பிரிவுகளுக்கு 2005 இறுதி வரைதான் ஆயுள் என்று எழுதியிருந்தார்கள். 2006 மார்ச்சில் அவற்றில் பதினான்கு நிரந்தரமாயின. 2015 நவம்பர் தாக்குதலுக்குப் பின் பிரான்ஸ் அறிவித்த நெருக்கடி நிலை ஆறு முறை நீட்டிக்கப்பட்டு 2017 நவம்பர் 1 அன்று முடிந்தது. முடிவதற்கு முன்பே அதன் அதிகாரங்களில் பல சாதாரணச் சட்டத்துக்குள் குடியேறிவிட்டன. மும்பைத் தாக்குதலுக்கு மூன்று வாரத்தில் தேசியப் புலனாய்வு முகமையை அமைக்கும் என்.ஐ.ஏ. சட்டமும், சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான யு.ஏ.பி.ஏ.வில் திருத்தமும் மக்களவையில் நிறைவேறின. குற்றப்பத்திரிகை இல்லாமல் 180 நாள் வரை காவல் என்பது இன்றும் நடைமுறையில் உள்ளது. மாற்று உதாரணமும் உண்டு. லண்டனில் 2005 ஜூலை 7 அன்று 52 பேர் கொல்லப்பட்ட பிறகு பிரதமர் பிளேரின் அரசு, குற்றம் சாட்டாமல் 90 நாள் காவல் கேட்டது. கணிப்புகள் அரசின் பக்கம் இருந்தன. நவம்பர் 9 அன்று பிரிட்டன் மக்களவை 322க்கு 291 என்று நிராகரித்து, 28 நாள் மட்டும் தந்தது. 2011இல் அதுவும் 14க்கு இறங்கியது.

இதிலிருந்துதான் எங்கள் தேதி அட்டவணை வருகிறது. முதல் கணிப்பு தாக்குதலுக்கு ஏழு முதல் பத்து நாளில் போதும். இரண்டாம் நாளில் எடுப்பது அதிர்ச்சியை அளக்கிறது. அடுத்தது ஆறாவது வாரம், சட்ட மசோதாக்கள் வரும் நேரம். பிறகு ஆறு மாதம், பதினெட்டு மாதம். ஓராண்டு நினைவு நாளை ஒட்டிய இரண்டு வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பழைய காட்சிகள் மறுபடி ஓடும்போது எண்கள் ஏறும், அதை நிலையான கருத்தாகப் படிக்கக் கூடாது. காலாவதித் தேதி உள்ள சட்டம் என்றால் அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் ஒன்று கட்டாயம். நீட்டிக்கப்போகிறவர்கள் கையில் முதல் வாரத்து எண் மட்டும் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் அரசு உரிமைகளைப் பறிப்பதில் வரம்பு மீறுகிறதா, பாதுகாப்பில் போதாமல் இருக்கிறதா என்ற கேள்விக்கு 2013இல் அரசின் ரகசியக் கண்காணிப்பை ஸ்னோடன் வெளிப்படுத்திய பின் 47% பேர் வரம்பு மீறல் என்றும் 35% பேர் போதவில்லை என்றும் சொன்னார்கள். 2015 டிசம்பரில் அது 28%, 56% என்று தலைகீழானது. இந்த ஊசலாட்டத்தில் எந்த முனையில் வாக்கெடுப்பு நடக்கிறது என்பதை வாசகருக்குச் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

செலவு கூடும் என்பீர்கள். முழுக் கணிப்பு வேண்டியதில்லை. முதல் கணிப்பின் ஆறு கேள்விகளை, சொல் மாறாமல், வரிசை மாறாமல், மாதாமாதம் எப்படியும் நடத்தும் கணிப்பில் செருகினால் போதும். இடையில் கேள்வியைத் "தெளிவாக்க" ஆசை வரும், செய்யாதீர்கள். மாற்றியே தீர வேண்டுமென்றால் மாதிரியைச் சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதிக்குப் பழையதையும் மறு பாதிக்குப் புதியதையும் ஒரே வாரத்தில் கேட்டு, சொல் மாற்றத்தால் எவ்வளவு, மனமாற்றத்தால் எவ்வளவு என்று பிரித்துக்கொள்ளுங்கள். தாக்குதலுக்கு முந்தைய அளவு இல்லாமல் இவை எதற்கும் பொருள் இல்லை என்பதால், அந்த ஆறு கேள்விகளையும் அமைதியான இந்த மாதத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கருத்துக்கணிப்புக் களத்திலும் பகுப்பாய்விலும் பணியாற்றுவோர்